டைப் செய்து முடிப்பதற்குள் எண்ணை மாற்றிவிடும் விட்ஜெட்: சரிபார்ப்பை எங்கே வைப்பது?

சாளரம்:

வணக்கம். பைசைடு6-இல் (பைத்தானிலிருந்து க்யூட் நூலகத்தைப் பயன்படுத்தி ஜன்னல் நிரல்கள் எழுத உதவுவது) ஒரு விட்ஜெட், அதாவது திரையில் தெரியும் ஒரு உள்ளீட்டுப் பகுதி, எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆய்வகங்களில் இருக்கும் மையவிலக்குக் கருவியை இயக்கும் மென்பொருள் அது. அதில் சுழலும் நேரத்தைக் கொடுக்கும் பகுதி என் பொறுப்பு. ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ், பக்கத்திலேயே அலகைத் தேர்ந்தெடுக்க ஒரு காம்போ பாக்ஸ் (விநாடி, நிமிடம்). நேரம் 30 விநாடிக்குக் குறையக் கூடாது, 600 விநாடியைத் தாண்டவும் கூடாது. இரண்டு பாக்ஸையும் ஒரே க்யூவிட்ஜெட்டுக்குள் வைத்திருக்கிறேன். வெளியிலிருந்து பயன்படுத்துபவருக்கு அது ஒரே விட்ஜெட்டாகத் தெரிய வேண்டும்.

இப்போது டெக்ஸ்ட்சேஞ்ச்டு சிக்னலில் (பாக்ஸில் எழுத்து மாறும்போதெல்லாம் வரும் அறிவிப்பு) சரிபார்ப்பு நடக்கிறது. எண் 30-க்குக் கீழே இருந்தால் 30 என்றும், 600-க்கு மேலே இருந்தால் 600 என்றும் மாற்றி எழுதிவிடும். 45 கொடுக்க நினைப்பவர் 4 அடித்த உடனே பாக்ஸில் 30 வந்துவிடுகிறது. அவர் கையோடு 5-ஐயும் அடித்துவிடுவார், 305 ஆகிவிடும். 305 வரம்புக்குள்தானே இருக்கிறது, எந்த எச்சரிக்கையும் வராது. முக்கால் நிமிடம் ஓட வேண்டிய கருவி ஐந்து நிமிடம் ஓடும்.

சரி என்று, டைப் செய்து முடித்ததும் வரும் எடிட்டிங்ஃபினிஷ்டு சிக்னலுக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கே தவறு இருந்தால் ஒரு மெசேஜ் பாக்ஸ் வரும். சில நேரம் அதே மெசேஜ் பாக்ஸ் இரண்டு முறை வருகிறது. அப்புறம், டூல்பாரில் இருக்கும் 'தொடங்கு' பட்டனைச் சொடுக்கினாலோ அதற்கான ஷார்ட்கட்டை அழுத்தினாலோ சரிபார்ப்பு நடப்பதே இல்லை, பாதி டைப் செய்த எண்ணோடு வேலை தொடங்கிவிடுகிறது.

அலகை மாற்றும்போது என்ன செய்வது என்பதும் புரியவில்லை. 45 விநாடி சரி. அதையே நிமிடம் என்று மாற்றினால் 2700 விநாடி. யாருடைய தவறு என்று எந்தப் பாக்ஸைச் சிவப்பாக்குவது?

மின்மினி:

டெக்ஸ்ட் பாக்ஸுக்குப் பதிலாக க்யூஸ்பின்பாக்ஸ் வைத்துப் பார்த்தீர்களா? மினிமம் 30, மேக்ஸிமம் 600 என்று கொடுத்தால் போதும், 4 அடித்த உடனே 30 ஆக்காது, நீங்கள் முடிக்கும் வரை காத்திருக்கும். கீபோர்டுட்ராக்கிங் என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டால் டைப் செய்துகொண்டிருக்கும்போது வேல்யூசேஞ்ச்டு சிக்னலும் வராது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அரைப்புள்ளி:

மின்மினி சொன்னது நல்ல தொடக்கம். முழு எண் மட்டும் போதும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இந்த விட்ஜெட்டில் ஒரு இடம் உதைக்கும். ஸ்பின்பாக்ஸில் 5 அடித்துவிட்டு டேப் அழுத்தினால், அதன் இயல்பான ஏற்பாட்டின்படி, முன்பு இருந்த மதிப்பே சத்தமில்லாமல் திரும்ப வந்துவிடும். கரெக்ஷன்மோடை மாற்றினால் பக்கத்து வரம்புக்குப் போகும், அதாவது 30. இரண்டிலுமே பயனருக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை. எழுத்துருவின் அளவைக் கேட்கும் பாக்ஸில் இது பரவாயில்லை. ஒரு கருவி எவ்வளவு நேரம் சுழல வேண்டும் என்று கேட்கும் இடத்தில், நான் கொடுத்த எண் என் கண் முன்னாலேயே வேறொன்றாக மாறுவதை நான் ஏற்க மாட்டேன்.

சாளரம், சிக்னலை மாற்றி மாற்றிப் பார்ப்பதால் இது தீராது. பாக்ஸில் தெரியும் எழுத்து வேறு, விட்ஜெட்டின் மதிப்பு வேறு என்று முதலில் பிரித்துவிடுங்கள். எழுத்து, டைப் செய்பவருடையது. மதிப்பு, நிரலுடையது. பாக்ஸில் '4' என்று இருக்கலாம், காலியாக இருக்கலாம், '6000' என்றுகூட இருக்கலாம். அந்த நேரம் முழுவதும் விட்ஜெட்டின் மதிப்பு கடைசியாக ஏற்கப்பட்ட 45 விநாடியாகவே நிற்கட்டும். எழுத்தை வாசித்துப் பார்த்து, முழுதாகவும் சரியாகவும் இருந்தால் மட்டும் மதிப்பு நகர வேண்டும். மதிப்பிலிருந்து எழுத்துக்குத் திரும்பி எழுதுவது, பயனர் டைப் செய்துகொண்டிருக்கும் நேரத்தில் ஒருபோதும் நடக்கக் கூடாது. உங்கள் 305 பிறந்தது அந்தத் திரும்பி எழுதலில்தான்.

இதற்காகவே க்யூட்டில் க்யூவேலிடேட்டர் என்று ஒரு கிளாஸ் இருக்கிறது. அதன் வேலிடேட் 'சரி', 'தவறு' என்று இரண்டு பதிலோடு நிற்பதில்லை. இன்வேலிட், இன்டர்மீடியட், அக்செப்டபிள் என்று மூன்று. நடுவில் இருக்கும் அந்த இன்டர்மீடியட்தான் இந்த ஏற்பாட்டின் உயிர். 'இன்னும் முடியவில்லை, கொஞ்சம் பொறு' என்று சொல்லும் நிலை அது.

உங்கள் 30 முதல் 600 வரைக்கும் இதை ஒவ்வொரு அழுத்தமாக ஓட்டிப் பார்ப்போம். பாக்ஸ் காலி: இன்டர்மீடியட். இதை இன்வேலிட் என்று சொல்லிவிட்டால் பேக்ஸ்பேஸால் கடைசி இலக்கத்தை அழிக்கவே முடியாது. க்யூலைன்எடிட் அந்த அழிப்பையும் ரத்து செய்துவிடும், பயனர் கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று தட்டிக்கொண்டிருப்பார். '4': இன்டர்மீடியட். '45': அக்செப்டபிள். '4க': இன்வேலிட், ஏனென்றால் இதற்குப் பின்னால் எதைச் சேர்த்தாலும் எண் ஆகாது. '450': அக்செப்டபிள். '4500'?

இங்கேதான் பலரும் இன்வேலிட் என்று எழுதுவார்கள். க்யூட்டோடு வரும் க்யூஇன்ட்வேலிடேட்டரும் அப்படித்தான்: 999-ஐ இன்டர்மீடியட் என்று விட்டுவைக்கும், உச்ச வரம்பான 600-ஐ விட ஒரு இலக்கம் கூடிய 4500-ஐ இன்வேலிட் என்று தள்ளிவிடும். நான் என் விட்ஜெட்டுகளில் 4500-ஐயும் இன்டர்மீடியட் என்றே வைக்கிறேன். பாக்ஸில் 450 இருக்கிறது, அதை 550 ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முதலில் 4-ஐ அழித்துவிட்டு 5 அடிப்பதில்லை. கர்சரை முன்னால் கொண்டுபோய் 5 அடித்து, '5450' என்று ஆன பிறகு 4-ஐ அழிப்பவர்கள் இருக்கிறார்கள். நான்காம் இலக்கத்தையே உள்ளே விடவில்லை என்றால் அவர் கை நின்றுபோகும். மனிதர்கள் எண்ணை இடமிருந்து வலமாக மட்டும் அடிப்பதில்லை. நடுவில் நுழைப்பார்கள், முன்னால் அழிப்பார்கள், வெட்டி ஒட்டுவார்கள். அதனால் இன்வேலிட் என்பதை, அந்த பாக்ஸில் எந்த நிலையிலும் இடமே இல்லாத எழுத்துகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண் பெரிதாக இருப்பது, சிறிதாக இருப்பது எல்லாம் இன்டர்மீடியட்.

ஒரு வேலிடேட்டரை க்யூலைன்எடிட்டில் மாட்டிவிட்டால், அக்செப்டபிள் ஆகாத வரை எடிட்டிங்ஃபினிஷ்டு சிக்னலும் ரிட்டர்ன்பிரஸ்டு சிக்னலும் வராது. இது தெரியாமல் 'பிழைச் செய்தியை எடிட்டிங்ஃபினிஷ்டில் காட்டுகிறேன்' என்று காத்திருப்பவர்கள் உண்டு; பிழை இருக்கும்போது அது வரவே வராது. டயலாக்குக்குள் வைத்திருந்தால் இன்னொன்றும் நடக்கும்: எண்டர் அழுத்தினால் அந்த அழுத்தம் மேலே போய் டயலாக்கின் டிஃபால்ட் பட்டனைத் தட்டிவிடும், எழுத்து பாதியில் இருந்தாலும். ஃபோகஸ் (கீபோர்டு அழுத்தங்கள் எந்த பாக்ஸுக்குப் போகின்றன என்பது) வெளியேறுவதைப் பார்க்க வேண்டும் என்றால் ஃபோகஸ்அவுட்ஈவென்டை நீங்களே பிடியுங்கள். ஃபிக்ஸப் என்ற மெத்தடும் இருக்கிறது, எழுத்து அக்செப்டபிளாக இல்லாமல் முடிக்கப்படும்போது க்யூட் அதைக் கூப்பிடும். அதில் வடிவத்தை மட்டும் திருத்துங்கள்: முன்னால் பின்னால் இருக்கும் இடைவெளியை நீக்குவது, '045' என்பதை '45' ஆக்குவது. 5-ஐ 30 ஆக்கும் வேலையை அங்கே வைக்காதீர்கள்.

மெசேஜ் பாக்ஸ் ஏன் இரண்டு முறை வருகிறது என்று கேட்டீர்கள். எண்டர் அழுத்தினால் எடிட்டிங்ஃபினிஷ்டு ஒரு முறை வரும். உங்கள் மெசேஜ் பாக்ஸ் திறக்கும், திறந்ததும் ஃபோகஸைத் தன் பக்கம் இழுக்கும். க்யூட்டின் பழைய பதிப்புகளில், டெக்ஸ்ட் பாக்ஸ் ஃபோகஸை இழந்தது என்று அதே சிக்னல் இன்னொரு முறை வரும். சிக்னல்களைத் தற்காலிகமாக நிறுத்தும் பிளாக்சிக்னல்ஸ் போட்டு இதை அடக்கலாம் என்று சொல்வார்கள், வேண்டாம். மெசேஜ் பாக்ஸையே எடுத்துவிடுங்கள். டைப் செய்கிற ஒருவரை நிறுத்தி, அவர் கையை மவுஸுக்குக் கொண்டுபோய், 'ஓகே' அழுத்தவைத்து, எங்கே விட்டோம் என்று மறுபடி தேடவைப்பது எந்த உதவியும் இல்லாத வேலை. பாக்ஸுக்கு அடியில் ஒரு வரிக்கு இடம் ஒதுக்கி ஒரு லேபிள் வையுங்கள். பிழை இல்லாதபோதும் அந்த இடம் காலியாக அப்படியே இருக்கட்டும், இல்லாவிட்டால் செய்தி தோன்றும்போதெல்லாம் கீழே இருக்கும் பட்டன்கள் குதிக்கும்.

அதில் என்ன எழுதுவது என்பதையும் நேரம் எடுத்து யோசியுங்கள். 'தவறான உள்ளீடு' என்று எழுதினால் அவருக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. '30 முதல் 600 விநாடி வரை கொடுக்கலாம். 5 விநாடி மிகக் குறைவு' என்று எழுதினால் அடுத்து என்ன அடிக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

எப்போது காட்டுவது? முதல் முறை, பயனர் அந்த பாக்ஸை விட்டு வெளியேறும்போது. ஒரு முறை காட்டிவிட்ட பிறகு அவர் திரும்பி வந்து திருத்தினால், இந்தத் தடவை ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பாருங்கள், சரியான நொடியிலேயே செய்தி மறைந்துவிட வேண்டும். குற்றம் சொல்வதில் நிதானம், விலக்கிக்கொள்வதில் வேகம். வெப் பக்கங்களில் சிஎஸ்எஸ்ஸின் யூசர்-இன்வேலிட் என்ற தேர்வியும் இதே எண்ணத்தில் வந்ததுதான்: பயனர் தொட்டுப் பார்க்காத பாக்ஸைச் சிவப்பாக்காதே.

'தொடங்கு' பட்டன். டூல்பாரில் இருக்கும் க்யூடூல்பட்டன் இயல்பாகவே சொடுக்கினால் ஃபோகஸை எடுத்துக்கொள்ளாது. ஷார்ட்கட்டும் ஃபோகஸை நகர்த்தாது. ஆகவே ஃபோகஸ் வெளியேறும் என்று நம்பி எந்தப் பாதுகாப்பையும் கட்டாதீர்கள். விட்ஜெட்டில் 'உறுதிசெய்' என்று ஒரு மெத்தட் எழுதுங்கள். எழுத்தை வாசித்து, சரி என்றால் மதிப்பை நகர்த்தி உண்மை என்று பதில் சொல்லும்; தவறு என்றால் செய்தியைக் காட்டி, ஃபோகஸைத் தன்னிடம் கொண்டுவந்து, பொய் என்று சொல்லும். கருவியைத் தொடங்கும் எந்த வழியாக இருந்தாலும், பட்டன், ஷார்ட்கட், மெனு எதுவானாலும், முதலில் அதைக் கூப்பிட்ட பிறகுதான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். ஃபோகஸ்அவுட் கூப்பிடுவதும் அதன் சரிபார்க்கும் பகுதியையே, ஃபோகஸை இழுக்கும் பகுதியைத் தவிர்த்துவிட்டு. வெளியேற விடாமல் பிடித்து வைக்கும் பாக்ஸ் வேண்டாம்.

சாளரம்:

எழுத்தும் மதிப்பும் வேறு என்று பிரித்ததில் 305 போய்விட்டது. மிக்க நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். எழுத்து சரியாகும் வரை 'தொடங்கு' பட்டனை மங்கலாக்கி வைத்தால் என்ன? உறுதிசெய் எல்லாம் தேவைப்படாதே? அலகு விஷயத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒலிவழி:

பட்டனை மங்கலாக்குவதைப் பற்றி என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வழியாகத்தான் கணினியைப் பயன்படுத்துகிறேன். டிஸேபிள் செய்த பட்டனை டேப் தாண்டிப் போய்விடும். ஒரு படிவத்தை நிரப்பிவிட்டு டேப் அழுத்திக்கொண்டே போகிறேன், கடைசியில் பட்டனே இல்லை, மறுபடி முதல் பாக்ஸ் வந்துவிடுகிறது. எந்தப் பாக்ஸில் தவறு, ஏன் பட்டன் வரவில்லை என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. பட்டன் இருக்கட்டும், அழுத்தட்டும், அழுத்தினால் தவறான பாக்ஸுக்கு என்னைக் கொண்டுபோய் விடுங்கள். அதுதான் எனக்கு வேகமான வழி.

சிவப்பு பார்டர் எனக்குத் தெரியாது என்பது சொல்லாமலே விளங்கும். நிறத்தைப் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கும் அது போதாது. வலைப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி செய்வதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டுதலில் இதற்கென்றே விதிகள் இருக்கின்றன: 1.4.1, தகவலை நிறத்தால் மட்டும் சொல்லாதே என்கிறது, 3.3.1, பிழை எங்கே என்பதை எழுத்தில் சொல் என்கிறது, 3.3.3, திருத்தும் வழி தெரிந்தால் அதையும் சொல் என்கிறது. அரைப்புள்ளி எழுதிய '30 முதல் 600 விநாடி வரை' என்ற வரி கடைசி இரண்டையும் நிறைவேற்றுகிறது. ஆனால் அந்த லேபிள் திரையில் இருந்தால் மட்டும் என்னை வந்து சேராது. டெக்ஸ்ட் பாக்ஸின் அக்ஸெஸிபிள் டிஸ்கிரிப்ஷனிலும் அதே வரியை எழுதுங்கள், ஃபோகஸ் அங்கே வரும்போது எனக்கு வாசிக்கப்படும். வெப்பில் இதே விட்ஜெட்டைச் செய்பவர்கள் ஸ்கிரீன் ரீடருக்குப் பிழையையும் விளக்கத்தையும் தெரிவிக்கும் ஆரியா-இன்வேலிடும் ஆரியா-டிஸ்கிரைப்டுபையும் மறக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் செய்தியை அறிவிக்கும் விட்ஜெட்டுகள் இருக்கின்றன. நான் 4 அடித்ததும் 'மிகக் குறைவு' என்று பேசத் தொடங்கிவிடும், நான் அடித்த அடுத்த இலக்கம் அந்தப் பேச்சில் அமுங்கிப்போகும். நீங்கள் சொல்லும் அந்த இன்டர்மீடியட் நிலையில் விட்ஜெட் வாய் திறக்கவே கூடாது. அதே போல ஒரு எழுத்தை உள்ளே விடாமல் தடுத்தால் அதை எப்படியாவது தெரியப்படுத்துங்கள். நான் அழுத்திய எழுத்தின் பெயரை ஸ்கிரீன் ரீடர் சொல்லிவிடுகிறது, அதனால் அது பாக்ஸில் ஏறிவிட்டது என்று நம்பி மேலே போய்விடுவேன்.

அரைப்புள்ளி:

ஒலிவழி சொன்னதோடு சேர்க்க ஒரு சிறு தகவல்: க்யூட் 5.12-இலிருந்து க்யூலைன்எடிட்டில் இன்புட்ரிஜெக்டட் என்று ஒரு சிக்னல் இருக்கிறது. வேலிடேட்டர் ஒரு அழுத்தத்தைத் தள்ளிவிட்டால் அது வரும். அதைப் பிடித்து 'எண் மட்டும்' என்று அந்த லேபிளில் ஒரு கணம் காட்டலாம், ஒலியும் கொடுக்கலாம்.

கூடவே, இரண்டு பாக்ஸைச் சேர்த்துச் செய்த விட்ஜெட் என்பதால் வெளி விட்ஜெட்டில் செட்ஃபோகஸ்ப்ராக்ஸி வைத்து டெக்ஸ்ட் பாக்ஸைக் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உறுதிசெய் ஃபோகஸைக் கேட்கும்போது அது வெறும் சட்டத்தில் போய் நிற்கும்.

இப்போது அலகு. பயனர் அலகை மாற்றும்போது இரண்டில் ஒன்றை நினைக்கிறார். 'இதே நேரத்தை எனக்கு நிமிடத்தில் காட்டு' அல்லது 'நான் சொன்னது நிமிடக் கணக்கு, அலகுதான் தவறாக இருக்கிறது'. இரண்டையும் பிரித்தறிய உங்களிடம் ஏற்கெனவே தடயம் இருக்கிறது. பாக்ஸில் இருப்பது உறுதியான மதிப்பு என்றால், அதற்குப் பிறகு யாரும் எழுத்தைத் தொடவில்லை என்றால், மதிப்பை வைத்துக்கொண்டு எழுத்தை மாற்றுங்கள்: 45 விநாடி 0.75 நிமிடமாகட்டும். இப்போதுதான் டைப் செய்திருக்கிறார், இன்னும் உறுதியாகவில்லை என்றால், எழுத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதிய அலகில் சரிபாருங்கள். 5 என்று அடித்துவிட்டு, 'அடடா, விநாடியில் இருக்கிறதே' என்று நிமிடத்துக்கு மாற்றுபவருக்கு 5 நிமிடம் கிடைக்க வேண்டும், 0.08 நிமிடம் கிடைக்கக் கூடாது.

இதில் கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று: காம்போ பாக்ஸைச் சொடுக்கும்போது டெக்ஸ்ட் பாக்ஸ் ஃபோகஸை இழக்கலாம். அந்த ஃபோகஸ்அவுட்டை உறுதிசெய்வதாக எடுத்துக்கொண்டால் நான் சொன்ன வேறுபாடே அழிந்துபோகும். ஃபோகஸ் விட்ஜெட்டின் இரண்டு பாக்ஸ்களுக்குள் நகர்ந்தால் அது வெளியேற்றம் ஆகாது. காம்போவின் பட்டியல் திறக்கும்போது வரும் ஃபோகஸ்அவுட்டுக்குக் காரணம் பாப்அப்ஃபோகஸ்ரீசன் என்று ஈவென்டிலேயே இருக்கும், அதையும் விட்டுவிடுங்கள்.

மதிப்பை விநாடியில், முழு எண்ணாக மட்டும் வைத்திருங்கள். 50 விநாடியை நிமிடமாக்கினால் 0.8333 என்று முடிவில்லாமல் போகும், நீங்கள் 0.83 என்று காட்டுவீர்கள். காட்டியதையே மறுபடி வாசித்தால் 49.8 விநாடி. அலகை இரண்டு முறை மாற்றினாலே நேரம் தேய்ந்துவிடும். பயனர் கைவைத்தால் மட்டும்தான் எழுத்தை மறுபடி வாசிக்க வேண்டும். டெக்ஸ்ட்சேஞ்ச்டு, நீங்கள் செட்டெக்ஸ்ட் போட்டாலும் வரும். டெக்ஸ்ட்எடிட்டட், பயனர் மாற்றினால் மட்டும் வரும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

எந்தப் பாக்ஸைச் சிவப்பாக்குவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் சேர்த்து, வெளிச் சட்டத்தை. தவறு இரண்டும் சேர்ந்ததில் இருக்கிறது.

மின்மினி:

நிமிடத்துக்குத் தசமம் வருகிறது என்றால் க்யூடபுள்வேலிடேட்டர் போதுமா? அதற்குப் பிறகு பைத்தானின் ஃப்ளோட் வைத்து எண்ணாக்கிக்கொள்ளலாமா?

அரைப்புள்ளி:

இரண்டையும் சேர்த்து வைக்காதீர்கள், இரண்டுக்கும் பேச்சு ஒத்துவராது. க்யூடபுள்வேலிடேட்டர் லொக்கேலை, அதாவது நாடு, மொழிக்கு ஏற்ப எண்களை எழுதும் வழக்கத்தை, பார்க்கும். ஜெர்மன் லொக்கேலில் '0,75' அதற்குச் சரியான எண். அதைத் தூக்கி ஃப்ளோட்டிடம் கொடுத்தால் வேல்யூஎரர் வந்து விழும். சரிபார்த்த அதே க்யூலொக்கேலின் டுடபுள் வைத்தே எண்ணாக்குங்கள். இயல்பு நிலையில் அந்த வேலிடேட்டர் '1இ2' போன்ற அறிவியல் குறியீட்டையும் ஏற்கும், ஆங்கில இ எழுத்தோடு. செட்நோட்டேஷனில் ஸ்டாண்டர்டு என்று சொல்லி அதை நிறுத்துங்கள்.

ஃப்ளோட்டை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். பைத்தானின் ஃப்ளோட் 'நான்' என்ற சொல்லை, அதாவது 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் அந்த மூன்று ஆங்கில எழுத்தை, சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். 'மதிப்பு 30-ஐ விடக் குறைவா, 600-ஐ விட அதிகமா, அப்படியானால் பிழை' என்று நீங்கள் எழுதியிருந்தால் இரண்டு கேள்விக்கும் அது இல்லை என்றே பதில் சொல்லும், பிழை இல்லை என்று உள்ளே போய்விடும். கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: '30-க்கும் 600-க்கும் இடையில் இருக்கிறதா, இல்லாவிட்டால் பிழை'. அப்போது தப்பாது. பைத்தான் 3.6-இலிருந்து நடுவில் அடிக்கோடு போட்ட '1_0' என்பதும் பத்து. தமிழ் எண்களான '௪௫' என்பதும் 45 ஆகும், அது நல்லதுதான், ஏற்பதா வேண்டாமா என்று யோசித்து முடிவெடுங்கள்.

பேஸ்ட் செய்வதையும் மறக்காதீர்கள். விரிதாளிலிருந்தும் வெப் பக்கத்திலிருந்தும் நகலெடுத்தால் எண்ணோடு கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், சில நேரம் அது சாதாரண இடைவெளிகூட இல்லை, வரி உடையாத வகை. வேலிடேட்டர் இன்வேலிட் என்றால் பேஸ்ட் மொத்தமும் ரத்தாகும். பயனர் கன்ட்ரோல்-வி அழுத்துகிறார், ஒன்றுமே நடக்கவில்லை. வேலிடேட் உள்ளே வரும் எழுத்தைத் திருத்தியும் அனுப்பலாம். சி++-இல் அந்தச் சரத்தையே மாற்றலாம், பைத்தானில் நிலை, திருத்திய சரம், கர்சர் இடம் மூன்றையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இடைவெளிகளை அங்கேயே நீக்கிவிடுங்கள்.

வரம்பு என்ன என்பது விட்ஜெட்டுக்குள் இருக்கக் கூடாது. சேமித்த கோப்பைத் திறந்தாலும் நேரம் உள்ளே வரும், அது டெக்ஸ்ட் பாக்ஸ் வழியாக வராது. நீங்களே செட்டெக்ஸ்ட் போட்டாலும் வேலிடேட்டர் தடுக்காது, எழுத்து அப்படியே உட்கார்ந்துகொள்ளும். கருவிக்குக் கட்டளை அனுப்பும் இடத்தில் கடைசிச் சோதனை ஒன்று இருந்தே ஆக வேண்டும். எழுத்து, அலகு, லொக்கேல் மூன்றையும் வாங்கி நிலையையும் விநாடியையும் திருப்பித் தரும் தனி ஃபங்ஷன் எழுதுங்கள், அதில் ஜன்னல் சம்பந்தப்பட்ட எதுவும் வேண்டாம். வரம்பை அதுவும் கட்டளை அனுப்பும் பகுதியும் ஒரே இடத்திலிருந்து எடுக்கட்டும். விட்ஜெட் அதைக் கூப்பிடும், சோதனை நிரல்களும் அதையே கூப்பிடும், திரை இல்லாமலே ஓடும்.

சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: ஏற்கத்தக்க சரங்களை ஒரு பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் முதல் எழுத்து, முதல் இரண்டு எழுத்து என்று வெட்டிக்கொண்டே வாருங்கள். அந்த வெட்டுகளில் ஒன்றுகூட இன்வேலிட் ஆகக் கூடாது. அப்படி ஒன்று இன்வேலிட் ஆகிவிட்டால், அந்தச் சரத்தை எந்த மனிதராலும் டைப் செய்ய முடியாது, பேஸ்ட் மட்டும்தான் செய்ய முடியும். பிறகு ஒவ்வொரு சரத்திலிருந்தும் ஏதாவது ஒரு எழுத்தை எடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள்.

சாளரம்:

வரம்பையும் வாசிப்பையும் விட்ஜெட்டை விட்டு வெளியே எடுத்துவிட்டேன். வெட்டும் சோதனையை ஓட்டியபோது ஒரு கேள்வி எழுந்தது. நிமிடக் கணக்கில் '0.5' சரி. அதில் முதல் எழுத்தை எடுத்தால் '.5' வருகிறது, அதையும் வெட்டினால் வெறும் '.' நிற்கிறது. இவற்றை ஏற்பதா?

அரைப்புள்ளி:

வெறும் புள்ளி இன்டர்மீடியட். '.5' அக்செப்டபிள், அப்படி அடிப்பவர்கள் நிறையப் பேர். பாக்ஸை விட்டு வெளியேறி உறுதியான பிறகு '0.5' என்று முன்னால் பூஜ்யம் சேர்த்து எழுதிக் காட்டுங்கள். '5.' என்று முடிவதையும் இதே வரிசையில் பாருங்கள், '5.5' அடிக்கப் போகிறவர் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்பார். லொக்கேலில் தசமக்குறி காற்புள்ளியாக இருந்தால் இதே சோதனை ',5' என்று ஓட வேண்டும். அதனால் புள்ளியை நிரலில் நேரடியாக எழுதாமல் க்யூலொக்கேலின் டெசிமல்பாயின்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.